வேல்ஸ் கல் பண்ணைவீடு: கல் பழசா, கதை பழசா?

கார்டிஃப்_கதிர்:

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செயின்ட் ஃபாகன்ஸ் போயிருந்தோம். கார்டிஃப்புக்கு மேற்கே இருக்கிற திறந்தவெளி அருங்காட்சியகம், 1948-ல் தொடங்கியது. வேல்ஸின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே போகக் காசு கிடையாது, வண்டி நிறுத்தத்தான் காசு.

அங்கே கிலெவென்ட் என்று ஒரு பண்ணைவீடு. ராட்னர்ஷையர் மலைப்பக்கத்திலிருந்து வந்தது. நீளமான ஒரே கல் கட்டடம், ஒரே கூரை, ஒரே வாசல். வாசலைத் தாண்டினால் ஒரு பக்கம் மாட்டுத் தொழுவம், மறுபக்கம் குடியிருப்பு. மாடும் மாட்டுக்காரனும் சேர்ந்தே நுழைந்து ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியதுதான். வேல்ஸ் மொழியில் இதற்கு 'டீ ஹிர்' என்று பெயர், நீள வீடு என்று அர்த்தம். என் சின்னவள் "மாட்டுக்குத் தனியா காலிங் பெல் உண்டாப்பா?" என்று கேட்டாள்.

அன்றையிலிருந்து அந்த வீடு மனசை விட்டுப் போகவில்லை. என் கட்சி இதுதான்: அசல் வேல்ஸ் வீடு என்றால் இதுதான். ரோமானியர் காலத்துக்கு முன்பிருந்தே கல்லோடு கல்லாக வாழ்ந்த ஜனம் இது. ஆங்கிலேயன் மரச்சட்டம் கோத்து வீடு கட்டினான், வேல்ஸ்காரன் மலையைப் பெயர்த்துக் கட்டினான். மாற்றுக்கருத்து இருப்பவர்கள் வரலாம்.

ஆணி_அடிப்பவன்:

வந்தாச்சு.

கதிர் அண்ணே, நீங்க கையால தடவிப் பார்த்துட்டு வந்த கல்லுக்கு என்ன வயசுன்னு கவனிச்சீங்களா? 1734. ஆனா வீட்டோட வயசு அது இல்ல. முதல்ல அது 1470 வாக்குல எழும்பின மர வீடு. உங்க 'அசல்' கல்லு, வீடு பொறந்து இருநூத்தி அறுபது வருஷம் கழிச்சு அது போட்டுக்கிட்ட சட்டை.

சட்டைன்னு சும்மா சொல்லல. வளைஞ்ச ஓக் மரமாப் பார்த்து வெட்டி, நெடுக்கால ரெண்டாப் பிளப்பாங்க. ரெண்டு பாதியும் ஒரே வளைவா இருக்கும். அதுங்களைத் தரையிலிருந்து உச்சி வரைக்கும் எதிரெதிரா சாய்ச்சுத் தலைக்குத் தலை முட்ட வைச்சா ஒரு ஜோடி. இப்படி நாலஞ்சு ஜோடி வரிசையா நிறுத்தினா வீட்டோட எலும்புக்கூடு ரெடி. இதுக்கு 'க்ரக்'னு பேரு. கூரை பாரம் பூரா அந்த ஜோடிங்க மேல இறங்கிடும். சுவருக்கு வேலையே இல்ல, காத்தைத் தடுத்தாப் போதும். அதனால கம்பு பின்னி மண்ணு அப்பி விட்டிருப்பாங்க. சுவர் இத்துப்போனா பேரனோ கொள்ளுப்பேரனோ கூரையைத் தொடாமலே கீழே கல்லு வைச்சு மாத்திக்கலாம். மாத்தினாங்க. வெளிய நின்னு பார்க்கிறவனுக்கு 'ஆஹா, ஆதிகாலக் கல்வீடு'.

"கல்லோடு கல்லாக வாழ்ந்த ஜனம்"னு எழுதியிருக்கீங்க. 1188-ல வேல்ஸ் முழுக்கச் சுத்தி வந்த ஜெரால்டுங்கிற பாதிரி, அவரே கால்வாசி இந்த ஊர் ரத்தம்தான், என்ன எழுதி வைச்சிருக்கார் தெரியுமா? இந்த மக்கள் காட்டோரமா கம்பு பின்னின குடிசை போட்டுக்கிறாங்க, ஒரு வருஷம் தாங்கினா போதும்னு கட்டுறாங்கன்னு. ஹவெல் தா மன்னன் பேரால வழங்குற பழைய வேல்ஸ் சட்டங்கள்ல, ஒருத்தன் வீட்டுக்குச் சேதம் பண்ணினா எவ்வளவு கட்டணும்னு பட்டியல் இருக்கு. தூணுக்கு ஒரு விலை, உத்தரத்துக்கு ஒரு விலை. விலை பேசுறது பூரா மரத்துக்குத்தான்.

இன்னொண்ணு. ஆங்கிலேயன் மரம், வேல்ஸ்காரன் கல்லுன்னு பிரிச்சீங்களே, அதே செயின்ட் ஃபாகன்ஸ்ல நாலு எட்டு நடந்திருந்தா 1678-ல கட்டின அபெர்நோட்வித் பண்ணைவீடு இருக்கு. மாண்ட்கோமரிஷையர்லேர்ந்து வந்தது, முழு மரச்சட்டம். வேல்ஸோட கிழக்குப் பக்கம் நிறைய வீடு அப்படித்தான்.

கார்டிஃப்_கதிர்:

அபெர்நோட்வித்தையும் பார்த்தேன் தம்பி, கண்ணை மூடிக்கொண்டா சுற்றினேன்? அது இங்கிலாந்து எல்லையை ஒட்டிய மாவட்டம். ஓக் காடு கிடைத்த இடத்தில் மரம் வைத்தார்கள். நான் சொல்வது மேற்கு.

ஜெரால்டு குதிரையில் போகிற போக்கில் பார்த்து எழுதியவர். சரி, அவருக்கு எண்ணூறு வருடம் முந்தி போவோம். ஆங்கிள்சி தீவில் டின் லிகுவி. நான்காம் நூற்றாண்டுக் குடியிருப்பு, கல் சுவர்களின் அடிப்பகுதி இன்றும் இடுப்புயரம் நிற்கிறது. லீன் தீபகற்பத்தில் மலையுச்சியில் ட்ரெர் கெய்ரி. கோட்டைச் சுவருக்குள் ஏறக்குறைய 150 கல் குடில்கள். இவற்றையெல்லாம் யார் கட்டினார்கள், யானை வந்து அடுக்கியதா?

(லிகுவி என்று எழுதும்போது கை கூசுகிறது. அந்த 'ல்ல' ஒலி நம் எழுத்துக்குள் அடங்காது. நம் 'ழ'வை வைத்து அவர்களைப் பழிவாங்கிக்கொள்ளலாம்.)

ஆணி_அடிப்பவன்:

பாட்டன் செருப்பு போட்டிருந்தான், பேரனும் செருப்பு போட்டிருக்கான். அதுக்காக நடுவுல இருந்த முப்பது தலைமுறையும் செருப்போடதான் நடந்துச்சுன்னு சொல்வீங்களா? ட்ரெர் கெய்ரி வட்டக் குடில் எங்க, உங்க நீளவீடு எங்க. நடுவுல ஆயிரம் வருஷப் பள்ளம்.

மீனா_அபெரிஸ்ட்வித்:

இருவரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு யானையை விவரிக்கிறீர்கள். கதிர், நீங்கள் பார்த்த கிலெவென்ட்டை வைத்து வேல்ஸ் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுகிறீர்கள். ஆணி, நீங்களும் அதே கிலெவென்ட்டை வைத்துத்தான் எல்லாக் கல்வீடும் மரவீட்டின் சட்டை என்கிறீர்கள். அதே அருங்காட்சியகத்தில் 'அ கரெக் வவுர்' என்று ஒரு வீடு இருக்கிறது. 'பெரிய கல்' என்றே பொருள். கார்னாவன் அருகே வைன்வவுர் ஊரிலிருந்து வந்தது. கட்டிய ஆண்டு 1544.

இதற்குள் க்ரக்கும் கிடையாது, சட்டையும் கிடையாது. பிறந்ததே கல்லாக. இரண்டு மாடி. இரு முனைச் சுவர்களிலும் கணப்பு, மேலே உயர்ந்த புகைபோக்கி. எரரியில், ஸ்னோடோனியா என்று நாம் பழகிய மலைநாட்டில், பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இந்த வகை வீடுகள் வரிசையாக வருகின்றன. எதிரெதிர் வாசல்களுக்கு நடுவே ஒரு குறுக்கு நடை, ஒரு பக்கம் கூடம், மறுபக்கம் சிறிய அறைகள், கணப்பின் ஓரத்தில் சுவரை ஒட்டிச் சுழன்று ஏறும் கல் படி. மூலைக்கல் ஒவ்வொன்றும் நான்கு ஆள் சேர்ந்து உருட்ட வேண்டிய பாறை. அங்கே மாடு வேறு கட்டடத்தில்.

ஏன் அந்தச் சமயத்தில்? 1536, 1543 சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. தகப்பன் நிலத்தை ஆண்மக்கள் அனைவருக்கும் பங்கு வைக்கும் பழைய வேல்ஸ் வழக்கம் அதோடு ரத்து. நிலம் துண்டாகாமல் ஒரு கையில் சேர்ந்தது. சேர்ந்த கைக்கு ஒரு பெரிய வீடு தேவைப்பட்டது. அதுவரை கூடத்தின் நடுவே தரையில் நெருப்பு மூட்டி, புகை கூரை வழியே தானாக வெளியேறட்டும் என்று விட்டிருந்தார்கள். புகையைச் சுவருக்குள் அடைத்த பிறகுதான் மேலே ஒரு தளம் போட்டுப் படுக்க முடிந்தது. என்னைக் கேட்டால் கல்லைவிடப் பெரிய புரட்சி புகைபோக்கிதான்.

இந்தத் தேதிகள் எப்படிக் கிடைக்கின்றன என்றும் சொல்லிவிடுகிறேன். வாசல் மேல் செதுக்கிய ஆண்டை நம்பக் கூடாது, அது பெரும்பாலும் திருமணமோ பழுதுபார்ப்போ. உத்தரத்தில் பென்சில் தடிமனுக்குத் துளைத்து மாதிரி எடுத்து, வளர்ச்சி வளையங்களின் அகல வரிசையை ஏற்கெனவே தேதி தெரிந்த வரிசைகளோடு பொருத்துவார்கள். பட்டை ஓரம் மிஞ்சியிருந்தால் மரம் வெட்டிய பருவத்தைக்கூடச் சொல்லலாம். ஓக் காய்ந்தால் உளி இறங்காது. அதனால் பச்சையாகவே வேலை செய்தார்கள், ஆகவே வெட்டிய ஆண்டுக்கும் கட்டிய ஆண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்காது.

கார்டிஃப்_கதிர்:

அப்படியானால் நீளவீடு?

மீனா_அபெரிஸ்ட்வித்:

உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. செயின்ட் ஃபாகன்ஸின் முதல் காப்பாளர் இயோர்வெர்த் பீட், 1940-ல் நீளவீட்டை வேல்ஸ் வீடுகளுக்கெல்லாம் தாய் வடிவம் போல முன்வைத்தார். அவர் கவிஞரும்கூட. அதன் பிறகு சிரில் ஃபாக்ஸும் ராக்லன் பிரபுவும் மான்மத்ஷையரில் வீடு வீடாக ஏறி இறங்கி அளந்தார்கள். 1951-லிருந்து 1954-க்குள் மூன்று தொகுதிகளாக அது வெளிவந்தது. பின்னர் பீட்டர் ஸ்மித் நாடு முழுவதற்கும் வரைபடம் போட்டார். புள்ளிகளை வைத்துப் பார்த்தால் நீளவீடு நடுநாட்டிலும் தென்கிழக்கு மேட்டுநிலங்களிலும் குவிகிறது: பிரெக்னாக், ராட்னர், கிளமோர்கன் மலைகள். எரரியில் முனைப் புகைபோக்கி வீடுதான் அரசன். சில நீளவீடுகளில் தொழுவம் பின்னால் ஒட்டவைத்தது என்றும் தெரியவந்தது.

ஆணி_அடிப்பவன்:

கவிஞர்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு.

கார்டிஃப்_கதிர்:

கவிஞர் இல்லாவிட்டால் உங்களுக்கு வாதாட அந்த மியூசியமே இருந்திருக்காது தம்பி. அந்த ஆள் நின்றதால்தான் உழவன் வீட்டுக்கும் ஒரு மதிப்பு வந்தது. அரண்மனைகளைக் காப்பாற்ற ஆயிரம் பேர் வருவார்கள்.

ஆணி_அடிப்பவன்:

இதை ஒத்துக்கிறேன்.

பழைய_ஓவர்சியர்:

அன்பர்களுக்கு வணக்கம். பொதுப்பணித்துறையில் முப்பது வருடம் சுவர் பார்த்தவன். இப்போது ஸ்வான்சியில் மகள் வீட்டில் ஆறு மாதமாக இருக்கிறேன். 1470-ஆ 1734-ஆ என்று தம்பிமார் அடித்துக்கொள்வதைப் படித்தேன். எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது.

மாப்பிள்ளை என்னை மலைப்பக்கம் நாலைந்து பண்ணைவீடு காட்டக் கூட்டிப்போனார். நீங்கள் ஆகா ஓகோ என்கிறீர்களே, அது பொறியியல் கணக்கில் மட்டமான சுவர். இரண்டடி, இரண்டரையடி தடிமன் என்பதால் பலம் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிமுகத்தில் ஒரு வரிசைக் கல், உள்முகத்தில் ஒரு வரிசைக் கல், நடுவில் சல்லியும் மண்ணும் கொட்டி நிரப்பியது. அங்கங்கே குறுக்கே ஒரு நீளக்கல் போட்டு இரண்டு முகத்தையும் கட்டியிருக்கிறான், அது இல்லாத இடத்தில் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. நல்ல சிமெண்ட் கலவையில் இடுக்கெல்லாம் அடைத்து, வெளியே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் இன்னும் நூறு வருடம் நிற்கும். அதைச் சொன்னால் இங்கே என்னவோ கொலை செய்யச் சொன்ன மாதிரிப் பார்க்கிறார்கள். அல்லது பூச்சு வேண்டாம், கல் அழகு வேண்டும் என்றால், இருக்கிற பழைய பூச்சையும் சுரண்டிவிட்டுக் கல்லை வெளியே காட்டலாம். இரண்டில் ஒன்று.

நெடுந்தீவுக்காரி:

ஐயா வணக்கம். கோவிக்காதேங்கோ. நீங்கள் சொன்ன ரெண்டும் எங்கட வீட்டில செஞ்சு பாத்தது, ரெண்டும் பிழைச்சது.

நாங்கள் பிரெக்கன் பக்கத்து மலையில ஒரு பழைய பண்ணைவீடு வாங்கி ஏழு வருசமாச்சு. நான் நெடுந்தீவில கல்வேலியளுக்கு நடுவில வளந்த ஆள், கல்லைக் கண்டவுடன மயங்கிப்போனன். வாங்கேக்குள்ளயே வெளிச்சுவர் முழுக்க சீமெந்து பூசிக் கிடந்தது. பாக்க வடிவா, இறுக்கமா இருந்தது. முதல் மாரிக்குள்ளயே படுக்கையறைச் சுவரில கை வைச்சா ஈரம், அலுமாரிக்குப் பின்னால கறுப்பாப் பூஞ்சணம். ஒரு கொம்பனி வந்து சுவருக்குள்ள ஏதோ மருந்து ஊசி போட்டுது. காசு போனதுதான் மிச்சம், ஈரம் அப்பிடியே இருந்தது.

பிறகு சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஒரு மேசன் கிழவர் வந்து பாத்திட்டுச் சொன்னார். நீங்களே சொல்லுறியள் நடுவில மண்ணும் சல்லியும் எண்டு. அந்தச் சுவர் மழையைக் குடிக்கும், பிறகு வெய்யிலும் காத்தும் பட அதைத் திருப்பி வெளியில விட்டிடும். சுண்ணாம்புப் பூச்சு அதுக்கு வழிவிடும். சீமெந்து விடாது. சுவர் இளகி இளகி அசையிற பழக்கம், சீமெந்து அசையாது, மயிரிழை போல வெடிக்கும். அந்த வெடிப்பால தண்ணி உள்ள போகும், வெளியில வர வழியில்லை. குளிருக்கு அது உறைஞ்சா பூச்சைத் தள்ளும். உள்ள கிடக்கிற உத்தரத்தின்ர முனை சுவருக்குள்ளயே உழுத்துப்போகும். எங்கட வீட்டில ஒரு முனை விரலால தோண்ட வந்தது ஐயா.

சீமெந்தைக் கொத்தி எடுத்தம். சுவர் காயவே ஒரு வருசத்துக்குக் கிட்ட விட்டது. சுண்ணாம்பு வேலை குளிரில செய்யேலாது, அஞ்சு பாகைக்குக் கீழ போகப்படாது, அதால கோடைக்குக் காத்திருந்தம். பூசின உடன காஞ்சாலும் பிழை, நனைச்ச சாக்கு தொங்கவிட்டுப் பிள்ளை மாதிரிப் பாக்கவேணும். அதுக்கு மேல நீத்துச் சுண்ணாம்பு அஞ்சு தரம் அடிச்சம்.

மற்றது, கல்லு வெளியில தெரிய வேணும் எண்டுறது. அது இந்தக் காலத்து ஆக்களின்ர ஆசை. அந்த நாளில இந்தப் பக்கத்துப் பண்ணைவீடுகளுக்கு உள்ளயும் வெளியிலயும் சுண்ணாம்பு அடிச்சுத்தான் வைச்சிருந்தவை. பட்டினத்து ஆக்கள் வந்து, 'கல்லு தெரிஞ்சாத்தான் பழசு' எண்டு சுரண்டி விட்டது.

கார்டிஃப்_கதிர்:

அக்கா, இதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. செயின்ட் ஃபாகன்ஸிலேயே கவர் (Gower) தீபகற்பத்திலிருந்து வந்த கெனிக்ஸ்டன் பண்ணைவீடு இருக்கிறது, 1610-ல் கட்டியது. வைக்கோல் கூரை, சுவர் முழுக்க ரத்தச் சிவப்பு. கெட்ட ஆவி அண்டாது என்று சிவப்பு பூசினார்களாம், தோட்டத்து ரோவன் மரத்தின் செம்பழமும் அதற்குத்தானாம். கல் கண்ணுக்கே தெரியாது. நான் அதைப் 'பெயின்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்கள்' என்று நினைத்துக் கடந்துபோனேன்.

பழைய_ஓவர்சியர்:

அம்மா சொன்னதைப் பொறுமையாகப் படித்தேன். சுண்ணாம்பு எனக்குப் புதிதல்ல, வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுண்ணாம்புக் காரை அரைத்த கடைசித் தலைமுறை நான். ஆனாலும் ஒரு கேள்வி. எரரி மேட்டில் வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு என்கிறார்கள். அப்படிக் கொட்டினால் காய்வதற்கு எங்கே அம்மா நேரம்? உங்கள் சுவர் 'மூச்சு விடுகிறது' என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். மூச்சுத் திணறினால்?

நெடுந்தீவுக்காரி:

திணறும் ஐயா, பொய் சொல்லேல்லை. காத்து அடிக்கிற பக்கம் சிலர் சுவரில சிலேட்டுப் பலகையளை மீன் செதில் மாதிரித் தொங்கவிட்டிருக்கினம், அதுக்குத்தான். பழைய ஆக்கள் வீட்டை வைச்ச விதத்தையும் பாருங்கோ. சரிவுக்குக் குறுக்க வைக்கேல்லை, சரிவோட இறங்கிற மாதிரி வைச்சவை. மேல் முனை மலைக்குள்ள புதைஞ்சு கிடக்கும், காத்துக்கும் தண்ணிக்கும் அந்தச் சின்ன முகம்தான் எதிர. மாட்டுப் பக்கம் கீழ் முனை. மூத்திரமும் சாணித்தண்ணியும் வீட்டுக்குள்ள வராமல் கீழ ஓடிப்போகும். இதெல்லாம் ஒருத்தரும் வரைஞ்சு படிப்பிச்சதில்லை.

இன்னுமொண்டு, நெருப்பு. வருசம் முழுக்க அடுப்பு அணையாது. அந்தச் சுவர் உள்ளுக்கிருந்து காஞ்சது. நாங்கள் மின்சாரச் சூடாக்கியைக் காலமை ஒரு மணித்தியாலம் போட்டிட்டுச் சுவர் குளிருது எண்டு அழுகிறம்.

பழைய_ஓவர்சியர்:

அடுப்பு பற்றிச் சொன்னது நியாயம். சிமெண்ட் விஷயத்தில் நான் முழுதாக இறங்கி வரவில்லை, புகைபோக்கித் தலைக்கு என்ன செய்வீர்கள் என்று பிறகு கேட்பேன்.

மீனா_அபெரிஸ்ட்வித்:

எல்லோரும் சுவரையே பேசுகிறோம். அந்தச் சுவருக்குள் இருந்தவன் யாருடைய வீட்டில் இருந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் உழவர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள். கூரை ஒழுகினால் ஜமீன்தாரின் ஏஜெண்டிடம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும். தன் செலவில் வீட்டைச் சீர்படுத்தினால் அடுத்த வருடம் குத்தகை ஏறும் என்ற பயம் வேறு. 1859 தேர்தலில் மெரியோனெத்திலும், 1868-ல் இன்னும் பல இடங்களிலும், ஜமீன்தார் சொன்ன ஆளுக்கு ஓட்டுப் போடாத குடும்பங்கள் பண்ணையை விட்டு வெளியேற்றப்பட்டன. அப்போது ரகசிய வாக்கு இல்லை, அது 1872-ல்தான் வந்தது. கதிர் சொல்கிற 'மலையைப் பெயர்த்துக் கட்டியவன்', கட்டிய வீட்டில் நாளை இருப்போமா என்று தெரியாதவன்.

தன்னிறைவான எளிய வாழ்க்கை என்பதும் பாதிக் கதைதான். மாண்ட்கோமரி, மெரியோனெத் பண்ணைவீடுகளில் மழைக்காலம் முழுக்க நூற்பும் நெசவும் நடந்தன. அந்த முரட்டுக் கம்பளித் துணி ஷ்ரூஸ்பரி வியாபாரிகள் கைக்குப் போய், கப்பலேறி, கரீபியத் தோட்டங்களில் அடிமைகளுக்கு உடையானது. அந்த ஓய்வற்ற தறிச் சத்தமும் உங்கள் 'டீ ஹிர்' கதையில் சேர வேண்டும். கூரை சிலேட்டும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கும் பரவிய ஒரே அளவு மெல்லிய சிலேட்டில் கணிசமான பங்கு பெத்தெஸ்டாவின் பென்ரின் குவாரியினுடையது, அதன் முதலாளிக் குடும்பத்துப் பணம் ஜமைக்கா கரும்பில் விளைந்தது. சிலேட்டின் அளவுகளுக்கு 'டச்சஸ்', 'கவுண்டஸ்', 'லேடி' என்று பெயர் வைத்தார்கள். குவாரிக்காரன் தலைக்கு மேல் சீமாட்டிகள்.

கார்டிஃப்_கதிர்:

மீனா, தகவலுக்கு நன்றி. ஆனால் எந்தத் திரியிலும் கடைசியில் ஜமீன்தாரும் கரும்பும் வந்துவிடுகின்றன. ஒரு வீட்டை வீடாகப் பார்க்கவே கூடாதா?

மீனா_அபெரிஸ்ட்வித்:

பார்க்கலாமே. ட்ரவுஸ்வனித் அருகே 'அர் அஸ்கூர்ன்' போய்ப் பாருங்கள். 1830-ல் கட்டிய சாதாரண இரண்டு மாடிக் கல் பண்ணைவீடு. க்ரக் இல்லை, நீளவீடு இல்லை, ஆணியின் கணக்கில் அது கைக்குழந்தை. ஹெத் வின் என்று எழுதிய கவிஞர் அங்கே ஆடு மேய்த்து வளர்ந்தார். 1917 ஜூலை 31-ல் பெல்ஜியம் போர்முனையில் இறந்தார். செப்டம்பரில் பர்க்கன்ஹெட் கவிதைத் திருவிழாவில் வென்றவர் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து வர ஆள் இல்லை. பரிசு நாற்காலியின் மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அந்த நாற்காலி அந்தக் கல்வீட்டுக்கு வந்தது. பார்க்க வருகிறவர்களுக்காகக் குடும்பம் தலைமுறை கடந்தும் கதவைத் திறந்தே வைத்திருந்தது. 2012-ல் தேசியப் பூங்கா அதை வாங்கிக்கொண்டது. அதை வீடாக மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஆணி_அடிப்பவன்:

சரி, இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

நெடுந்தீவுக்காரி அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க வீடு பிரெக்கன் பக்கம்னு சொன்னீங்க. க்ரக்கும் நீளவீடும் கலந்து கிடக்கிற ஏரியா அது. பரண்ல ஏறி டார்ச் அடிச்சுப் பார்த்திருக்கீங்களா? கூரை மரம் கரி படிஞ்சு கருப்பா இருக்கான்னு பாருங்க. மீனா சொன்ன நடுக்கூட நெருப்பு எரிஞ்ச வீடா இருந்தா, நூறு வருஷம் புகை குடிச்ச மரம் அட்டக்கருப்பா மினுமினுன்னு இருக்கும். அப்படி இருந்தா உங்க வீடும் புகைபோக்கி வர்றதுக்கு முந்தின வீடு. கல்லு பின்னால வந்தது.

கார்டிஃப்_கதிர்:

அக்கா, கருப்பாக இல்லாவிட்டால் அதையும் இங்கே வந்து சொல்லுங்கள். பந்தயம் வைக்கிறேன்: உங்கள் வீடு பிறந்ததே கல்லாகத்தான்.

நெடுந்தீவுக்காரி:

ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பரணில ஏத்திப்போட்டியள். இண்டைக்குப் பின்னேரம் ஏறினன்.

முன் பக்கம் எல்லாம் நேர் மரம், வாள் போட்ட தடம் தெரியுது, வெளிர் நிறம். ஆனால் நடுவில, புகைக்கூட்டுக்குப் பின் பக்கம், ஒரு சோடி மரம் மட்டும் வளைஞ்சு வந்து உச்சியில முட்டுது. கண்டங்கரேல் எண்டு கிடக்கு. கை வைச்சன், விரலெல்லாம் கரி. கீழ்ப்பகுதி கல்லுச் சுவருக்குள்ள போய் மறையுது.

ஆணி_அடிப்பவன்:

அக்கா!! அதுதான்! அதுதான்! கல்லுக்குள்ள மறையுதுன்னா கல்லு அதைச் சுத்திப் பின்னால வந்திருக்கு. கதிர் அண்ணே, பந்தயக் காசு?

கார்டிஃப்_கதிர்:

பொறு தம்பி. ஒரே ஒரு ஜோடி. வேறொரு இடிந்த வீட்டிலிருந்து பிடுங்கி வந்து இங்கே நட்டிருக்கக் கூடாதா? ஓக் மரத்தை யாரும் வீணாக்க மாட்டார்கள் என்று நீங்கள்தானே சொல்லப்போகிறீர்கள்.

மீனா_அபெரிஸ்ட்வித்:

கதிர் கேட்பது நல்ல கேள்வி. அக்கா, மரத்தில் காரணமே இல்லாமல் வெற்றுத் துளைகளோ ஆணித் துவாரங்களோ இருக்கின்றனவா? இருந்தால் அது வேறொரு சட்டத்தில் வேலை பார்த்த மரமாக இருக்கலாம். கரி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருக்கிறதா, ஒரு முகத்தில் மட்டும் அதிகமா என்றும் பாருங்கள். நெருப்பு எந்தப் பக்கத்து அறையில் எரிந்தது என்பதை அது காட்டும். எதையும் துடைக்காதீர்கள், தயவுசெய்து. அந்தக் கரிதான் சாட்சி.

நெடுந்தீவுக்காரி:

துளை இருக்கு, மூண்டு எண்ணினன். ஆனால் கரி ஒரு பக்கம்தான் சொல்லலாம் பிள்ளை. மற்றப் பக்கத்தை எங்கட மனுசன் போன சனிக்கிழமை ஊத்தையெண்டு வக்கூம் பிடிச்சு, ஈரத்துணியால துடைச்சும் போட்டார்.